இடிக்காதே, பழுது பார்! வாடகை வீடுகளின் வாசலில் நின்ற பேட்ரிக் கெட்டிஸ்

திருமுடிவாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் மனப்பாடம். அட்வான்ஸ் எவ்வளவு? கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு? தண்ணி போரா, லாரியா? பேச்சுலருக்குத் தருவாங்களா? பைக் நிறுத்த இடம் இருக்கா? சிட்கோ தொழிற்பேட்டைக்கு நடந்தே போயிடலாமா, இல்லை ஷேர் ஆட்டோ பிடிக்கணுமா?

ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த வீடு மனுஷன் குடியிருக்கத் தகுதியானதுதானா? அதை யார் வந்து பார்த்துச் சொன்னது?

லைன் வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு கழிவறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மொட்டை மாடியில் ஷீட் போட்டு இறக்கிய ஒற்றை அறை. மழைக்காலத்தில் முட்டி உயரத்துக்கு ஓதம் ஏறும் சுவர். குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வீட்டைப் பார்க்காமல் திரும்ப முடியாது. குடியிருப்பவர்களுக்குக் குறை தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கோ என்று பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான் அவர்களைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது.

இந்தப் பயத்தை ஏறக்குறைய 140 வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். படித்தது தாவரவியல், பேர் வாங்கியது நகரத் திட்டமிடலில். நம்ம மதுரை, தஞ்சாவூர் சந்துகளில் வெயிலில் நடந்து, வீடு வீடாகப் பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர். பெயர் பேட்ரிக் கெட்டிஸ்.

கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்த நாள்கள்

1854 அக்டோபர் 2. ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தார் கெட்டிஸ். 15 வருஷம் கழித்து அதே தேதியில்தான் போர்பந்தரில் காந்தி பிறந்தார். கெட்டிஸின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மேல் வீடு. தோட்டம், காடு, மலை என்று சுற்றித் திரிந்த பையனுக்குச் செடி கொடி மேல் ஆசை வந்ததில் ஆச்சர்யமில்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டார். லண்டன் போய், அந்தக் காலத்தின் பெரிய உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார். நுண்ணோக்கியே உலகம் என்று இருந்தவரை 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ அனுப்பினார்கள். அங்கே அவருக்குக் கண் பார்வை போய்விட்டது.

இருட்டறையில், கட்டிய கண்ணோடு, வாரக்கணக்கில் படுத்திருந்தார். 25 வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய இடி வேண்டுமா? பொழுது போகாமல் ஜன்னல் சட்டங்களின் கட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தார். காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விஷயம் என்று மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். இடம், வேலை, மனிதர்கள் ஆகிய மூன்றையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது பின்னாளில் அவர் தாரக மந்திரம். அதற்குப் பயன்பட்ட கட்டம் போடும் பழக்கம் அந்த இருட்டில் பிறந்ததுதான்.

பார்வை திரும்பி வந்தது. ஆனால், நுண்ணோக்கியில் மணிக்கணக்கில் குனிந்திருக்க அந்தக் கண் இனி தாங்காது. சரி, பெரிசாகத் தெரிவதைப் பார்ப்போம் என்று அவர் நிமிர்ந்தபோது எதிரில் இருந்தது எடின்பரோவின் பழைய நகரம்.

35 பேரை விழுங்கிய கட்டடம்

எடின்பரோ பழைய நகரம் அப்போது எப்படி இருந்தது? ஒரு பெரிய தெரு. அதன் இரண்டு பக்கமும் முட்டுச்சந்துகள். சந்துக்குள் ஆறு, ஏழு மாடிக்கு எழும்பிய பழைய கல் கட்டடங்கள். ஒரு காலத்தில் பணக்காரர்கள் இருந்த இடம். அவர்கள் புது நகரத்துக்குக் குடிபோனதும் ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக வாடகைக்கு விட்டார்கள். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரியேதான். பொதுப் படிக்கட்டு. ஒரே அறைக்குள் குடும்பம் முழுக்க. வெளிச்சமும் காற்றும் போனால் போகட்டும் என்று எட்டிப் பார்க்கும்.

1861 நவம்பரில் ஒரு நள்ளிரவில் அப்படி ஒரு கட்டடம் அப்படியே சரிந்தது. 35 பேர் செத்துப்போனார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பையன், நான் இன்னும் சாகவில்லை என்று கத்தி உயிர் பிழைத்தான். அவன் முகத்தைச் செதுக்கி வைத்த வாசல் வளைவை இன்றைக்கும் அந்தத் தெருவில் பார்க்கலாம்.

அதற்குப் பிறகுதான் நகராட்சி விழித்தது. மறு வருஷமே ஹென்றி லிட்டில்ஜான் என்ற டாக்டரை நகரத்தின் முதல் சுகாதார அதிகாரியாக நியமித்தார்கள். எந்தச் சந்தில் எத்தனை பேர் எந்த நோயால் சாகிறார்கள் என்று கணக்கெடுத்து 1865-ல் ஓர் அறிக்கை கொடுத்தார் அவர். வீட்டின் தரத்துக்கும் குடியிருப்பவர் ஆயுசுக்கும் இருக்கும் தொடர்பை எண்ணிக்கையோடு காட்டிய அறிக்கை அது.

1867-ல் சட்டம் வந்தது. மோசமான சந்துகளை இடித்து, அகலமான புதுத் தெருக்கள் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இடித்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? புதுத் தெருவில் வாடகை கொடுக்க அவர்களால் முடியுமா? பக்கத்துச் சந்தில், ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த கட்டடங்களில் போய் ஒண்டிக்கொண்டார்கள். ஓர் இடத்தின் நெரிசலைத் தீர்க்கப் போய் இன்னோர் இடத்தில் நெரிசல்.

வீட்டைச் சோதிக்க அதிகாரி வந்தார். ஆனால், சோதனையின் முடிவில் தண்டனை கிடைத்தது வாடகைக்கு இருந்தவருக்கு. கெட்டிஸின் வாழ்க்கை முழுக்க அவரைத் துரத்திய சிக்கல் இதுதான்.

புது மனைவியோடு சேரிக்குள் குடித்தனம்

1886-ல் கெட்டிஸுக்குக் கல்யாணம். மனைவி அன்னா மார்ட்டன், வசதியான வியாபாரக் குடும்பத்துப் பெண். புது ஜோடி நல்ல ஏரியாவில் வீடு பார்ப்பதுதானே வழக்கம்? கொஞ்ச காலத்திலேயே இவர்கள் பழைய நகரத்தில், ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தைச் சுற்றியிருந்த இடிந்த பல மாடிக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு தத்துவ ஞானி டேவிட் ஹியூம் இருந்த இடம் அது. இவர்கள் போனபோது முழுக்க ஏழைகளின் ஒண்டுக்குடித்தனம்.

போனதும் கெட்டிஸ் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. குப்பையை அள்ளினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஜன்னலில் தொட்டி கட்டிப் பூச்செடி வைத்தார். இந்தப் படித்த மனுஷனுக்கு என்ன கிறுக்கு என்று பார்த்த அக்கம்பக்கத்தினர், மெதுவாக அவரவர் வாசலையும் சுத்தம் பண்ண வந்தார்கள். பிறகுதான் பெரிய வேலை. ரொம்ப மோசமான பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, இருட்டு அறைக்கு வெளிச்சம் வரவைத்து, மிச்சத்தைப் பலப்படுத்தினார். சந்துக்கு நடுவே கிடைத்த துண்டு நிலங்கள் தோட்டங்களாயின. பின்னாளில் அவர் மகள் நோராவும் அந்தத் தோட்ட வேலையில் இறங்கினார்.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், உயிரைக் காக்கும் அறுவை சிகிச்சை. காலில் புண் என்றால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கணும், காலையே வெட்டக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

குடிபோவதற்கு முன்பே, 1885-ல், நண்பர்களோடு சேர்ந்து எடின்பரோ சமூகச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். ஏழைகள் வாடகைக்கு இருந்த கட்டடங்களைப் பொறுப்பெடுத்து நிர்வகிப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதற்கு முன்மாதிரி, லண்டனில் இருந்த ஆக்டேவியா ஹில் என்ற பெண்.

வாடகை வாங்க வந்த பெண்கள்

ஆக்டேவியா ஹில் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1865-ல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தில் லண்டன் மேரிலபோனில் மூன்று பழைய வீடுகளின் பொறுப்பை ஏற்றார். போட்ட பணத்துக்கு வருஷம் 5 சதவிகிதம் வருமானம் வந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்பது கணக்கு.

வாடகை வாரா வாரம். வாங்கப் போவது பெண்கள். வாடகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் கையோடு, குழாய் ஒழுகுகிறதா, படிக்கட்டு உடைந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார்கள். பழுது பார்க்க என்று ஒரு தொகை தனியாக ஒதுக்கப்படும். வருஷக் கடைசியில் அதில் மிச்சம் இருந்தால், வீட்டுக்கு என்ன வசதி செய்யலாம் என்று குடியிருப்பவர்களே முடிவு செய்யலாம். இன்றைக்கு எந்த ஹவுஸ் ஓனர் நம்மிடம் இப்படிக் கேட்டிருக்கிறார், சொல்லுங்கள்?

ஆனால், அவரிடம் இன்னொரு முகமும் இருந்தது. வாடகை பாக்கி வைத்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அரசாங்கமே ஏழைகளுக்கு வீடு கட்டுவதை அவர் ஆதரிக்கவில்லை. அவரிடம் எல்லாமே நல்ல ஓனரின் நல்ல மனசை நம்பித்தான் நின்றது. ஓனர் ஹில் மாதிரி இருந்தால் சரி. இல்லாவிட்டால்?

இந்தக் கேள்விக்கு ரத்தத்தில் பதில் சொன்னது டப்ளின். 1913 செப்டம்பர் 2 அன்று அங்கே சர்ச் ஸ்ட்ரீட்டில் வாடகைக் கட்டடங்கள் இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். வீட்டுத் தரத்தைக் கண்காணிக்க வேண்டிய மாநகராட்சி உறுப்பினர்களில் சிலரே அப்படிப்பட்ட வாடகைக் கட்டடங்களின் ஓனர்கள் என்ற உண்மை அங்கே வெளியே வந்தது. சோதனை ஏன் கறாராக நடக்கவில்லை என்று இனி விளக்க வேண்டியதில்லை. அந்த விசாரணையில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களில் கெட்டிஸும் ஒருவர்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

ஊர் ஊராகத் தூக்கிப் போய் மக்களுக்குக் காட்ட, நகரங்களைப் பற்றிய ஒரு பெரிய கண்காட்சியை வைத்திருந்தார் கெட்டிஸ். வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் என்று பல வருஷம் சேர்த்த சொத்து. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட மதராஸ் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை இங்கே அழைத்தார்.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. கெட்டிஸும் மூத்த மகன் அலஸ்டரும் ஒரு கப்பலில் கிளம்ப, கண்காட்சிப் பெட்டிகள் கிளான் கிரான்ட் என்ற சரக்குக் கப்பலில் வந்தன. செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல் குண்டு போட்டு, தமிழுக்கே ஒரு புது வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போன எம்டன் கப்பல் ஞாபகம் இருக்கிறதா? அதே எம்டன்தான் அக்டோபரில் கிளான் கிரான்ட்டையும் கடலில் மூழ்கடித்தது. வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் கடலுக்கடியில்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார்கள். கெட்டிஸின் நண்பர்கள் இங்கிலாந்திலிருந்து அவசர அவசரமாகப் புதுப் படங்களைச் சேகரித்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது. அப்புறம் மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார்.

தஞ்சாவூர் சந்தில் ஒரு வெள்ளைக்காரர்

அப்போது அவருக்கு 60 வயது. கலைந்த தலைமுடி, புதர் மாதிரி தாடி. ஊர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறினாலும் நிற்க மாட்டார்.

அவர் வந்த சமயத்தில் நம் ஊர்களில் சுகாதாரம் என்றால் என்ன செய்தார்கள் தெரியுமா? பிளேக், காலரா பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நெரிசலான தெருக்களைக் கண்டால் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு கிழித்து, குறுக்கே வரும் வீடுகளை எல்லாம் இடித்து ரோடு போடும் திட்டங்கள். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு திட்டம் தயாராக இருந்தது.

கெட்டிஸ் அந்தச் சந்துகளை நடந்து பார்த்தார். எந்த வீடு பாழடைந்து ஆள் இல்லாமல் கிடக்கிறது, எந்த மனை காலி, எங்கே ஒரு சுவரை எடுத்தால் காற்று வரும், எங்கே ஒரு மரம் வைத்தால் நாலு வீட்டுக்கு நிழல் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். நேர்க்கோட்டு ரோடு தேவையே இல்லை, இருக்கிற சந்துகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ரொம்ப மோசமான சில வீடுகளை மட்டும் எடுத்து, காலி மனைகளைத் திறந்த வெளியாக்கினால் எல்லா வீட்டுக்கும் காற்றும் சுகாதாரமும் கிடைக்கும் என்று காட்டினார். செலவும் இடிக்கும் திட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

இந்த வேலையை ஆபீஸில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்துச் செய்ய முடியாது, சந்து சந்தாக நடந்தால்தான் முடியும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சுகாதாரத்தின் பேரால் வீடுகளை மொத்தமாக இடிப்பது எவ்வளவு பெரிய தவறு என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதினார். இடிபட்ட வீட்டின் ஓனருக்கு இழப்பீடு கிடைக்கும். வாடகைக்கு இருந்தவனுக்கு அடுத்த தெருவில் இன்னும் சின்ன அறையும் இன்னும் கூடுதல் வாடகையும்தான் கிடைக்கும். எடின்பரோவில் பார்த்ததை அவர் இங்கே மறக்கவில்லை.

வீட்டைச் சுற்றியுள்ள குளங்களையும் சேர்த்தே பார்த்தார். கொசு வருகிறது, மண்ணைப் போட்டு மூடு என்று அதிகாரிகள் சொன்னால், வேண்டாம், மீனும் வாத்தும் விடுங்கள், கொசு குறையும், ஊரும் குளிர்ச்சியாக இருக்கும் என்பார். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, ஒரு வீட்டின் தரம் நாலு சுவருக்குள் முடிவதில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்களைக் குறை சொல்ல மட்டும் அவர் வரவில்லை. திருமுடிவாக்கம் இருக்கும் அதே மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்தைப் பார்த்து வாய் பிளந்தார். கோயில், தேரோடும் வீதி, தெருக்களின் அமைப்பு என இவ்வளவு அழகாகத் திட்டமிட்ட பழைய நகரம் உலகத்தில் வேறு எங்கே மிச்சம் இருக்கிறது என்று வியந்தார். தென்னாட்டின் பழைய நகர அமைப்பு பற்றி சி.பி.வெங்கடராம ஐயர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு நாள் மகாராஜா

1917 அவருக்குக் கொடூரமான வருஷம். ஏப்ரலில் மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். இந்தியாவில் இருந்த அன்னா அப்போது காய்ச்சலில் கிடந்தார். அவரிடம் மகன் இறந்த செய்தியை மறைத்துவிட்டார் கெட்டிஸ். சில வாரங்களில் அன்னாவும் போய்விட்டார். ஜேம்ஸ் கோர்ட்டில் தன்னோடு சேரியில் குடித்தனம் நடத்திய மனைவியையும், எம்டன் காலத்துக் கடலில் கூடவே வந்த மகனையும் ஒரே கோடையில் இழந்த மனிதர், அடுத்து இந்தூருக்கு வேலைக்குப் போனார்.

இந்தூரில் பிளேக். இவர் தெருவில் நடந்தால் மக்கள் பயந்து பார்த்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தால் இடிக்கத்தான் வருகிறார் என்பது அவர்கள் கண்ட அனுபவம். கண்ட வரையில் அது நியாயமான பயம்தான்.

கெட்டிஸ் மன்னரிடம் போய், என்னை ஒரு நாளைக்கு மகாராஜா ஆக்குங்கள் என்று கேட்டார். தீபாவளிக்கு ஓர் ஊர்வலம் அறிவித்தார். எந்தத் தெருவழியாகப் போகும்? வழக்கமான ராஜவீதி வழியாக இல்லை. எந்தத் தெருவில் அதிக வீடுகளைச் சுத்தம் செய்து பழுது பார்த்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாக!

ஊரே வெள்ளையடிக்கவும் ஓட்டை அடைக்கவும் இறங்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் பிளேக்கைக் குறிக்க ராட்சத எலி பொம்மை வந்தது. ஊரைச் சுத்தம் செய்யும் தொழிலாளர்கள் புத்தாடையும் மாலையுமாக, மரியாதையோடு நடந்து வந்தார்கள். அவர்களை ஒதுக்கியே வைத்திருந்த ஊரில் இது சாதாரண காட்சி இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்றாலே நடுங்கிய ஊர், எங்க தெருவையும் வந்து பாருங்க என்று கூப்பிட்ட நாள் அது.

எங்கே கோட்டைவிட்டார்?

கெட்டிஸைக் கடவுளாக்கத் தேவையில்லை. அவர் எழுதிய பல அறிக்கைகள் அலமாரியிலேயே தூங்கின. நேர்க்கோடு கிழித்தவர்கள் கிழித்துக்கொண்டேதான் இருந்தார்கள். பணக் கணக்கில் அவர் ரொம்ப மோசம். எடின்பரோவில் வாங்கிப்போட்ட கட்டடங்களைச் சமாளிக்க முடியாமல், 1896-ல் நண்பர்கள் ஒரு கம்பெனி தொடங்கி அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். ஆக்டேவியா ஹில்லைப் போலவே இவரும் மனிதர்களின் நல்ல மனசைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார்.

அவர் மதராஸ் மாகாணத்தில் நடந்துகொண்டிருந்த அதே 1915-ல், அவர் சொந்த நாட்டில், கிளாஸ்கோவில், வாடகையை ஏற்றிய ஓனர்களை எதிர்த்துப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பூந்தொட்டியும் ஊர்வலமும் செய்ய முடியாததை அது செய்தது.

கெட்டிஸ் 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். ஜெகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் வரைந்தார். கடைசியில் பிரான்ஸின் மான்பெலியே நகரத்தில் குடியேறி, 1932 ஏப்ரல் 17-ல் காலமானார். சென்னை மாகாணத்துக்கு 1920-ல் வந்த நகரத் திட்டமிடல் சட்டத்துக்கு முன்னால் இங்கே அந்தப் பேச்சைக் கிளப்பியவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

அவர் ஊரில் இன்றைக்கு நிலைமை என்ன? ஸ்காட்லாந்தில் தனியார் வீட்டை வாடகைக்கு விட வேண்டும் என்றால் ஓனர் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீடு குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று 2006 சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. காற்று மழை உள்ளே வரக் கூடாது, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல். ஓனர் செய்து தராவிட்டால் குடியிருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நல்ல மனசை நம்பாமல் சட்டத்தை நம்பலாம்.

நம்ம ஊரில்?

நமக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம். அது சொல்லும் சில விஷயங்கள்:

* வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.
* வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.
* கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. டேப் வாஷர் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு.
* தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது.
* வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்றால் ஓனர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும்.

நகராட்சி, மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் குடியேறுபவர்கள், உங்கள் வீட்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஒப்பந்தம் போடும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால், வருஷத்துக்கு ஒரு தடவை வாடகை வீட்டுக் கதவைத் தட்டி, ஜன்னல் இருக்கா, ஓதம் இருக்கா, எத்தனை குடித்தனத்துக்கு எத்தனை கழிவறை என்று பார்க்க நம் லைன் வீடுகளுக்கு யாரும் வருவதில்லை. அப்படி ஒருவர் வர வேண்டும் என்று கேட்பது நியாயம். கூடவே கெட்டிஸின் பாடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வருகிறவர் கையில் பழுது பார்க்க உத்தரவு இருக்க வேண்டும். பழுது பார்க்கும் காலத்தில் குடியிருப்பவர் அங்கேயே இருக்கலாம், புகார் சொன்னதற்காக வெளியேற்ற முடியாது என்ற உறுதி இருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத எந்தச் சோதனையும், குன்றத்தூர் ரோட்டிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளப்பி இன்னும் உள்ளே தள்ளிய சந்தில் இறக்கிவிடுவதில்தான் முடியும்.

அதுவரைக்கும்? அடுத்த வீடு பார்க்கப் போகும்போது கொஞ்சம் கெட்டிஸ் மாதிரி நடந்து பாருங்கள். பகலில் போங்கள். லைட்டை அணைத்துவிட்டு அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். புதுப் பெயின்ட் அங்கே மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். குடிபோகும் நாளிலேயே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேதியோடு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் அந்தப் போட்டோதான் உங்கள் பக்கம் பேசும்.